கல், செங்கல், இரும்பு: கடலில் கைவிட்ட மூன்று கோட்டைகள்

மலைமேல் கைவிட்ட கோட்டைக்குள் ஆடு மேய்க்கவாவது யாராவது ஏறிப் போவார்கள். நடுக்கடலில் கட்டிய கோட்டையைப் படை விட்டுப் போனால் அப்புறம் கடற்பறவைகளின் ராஜ்ஜியம்தான். அந்த ரகத்தில் மூன்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: பிரான்சின் போயார் கோட்டை, அமெரிக்காவின் ஜெஃபர்சன் கோட்டை, இங்கிலாந்தின் மான்செல் கோட்டைகள். பட்ட பாட்டுக்கு எது உழைத்தது?

முதலில் போயார். பிரான்சின் மேற்குக் கரையில் ரோஷ்ஃபோர் கடற்படைத் தளத்துக்குப் போகும் வழியில், எக்ஸ், ஒலெரோன் என்று இரண்டு தீவுகள். இரண்டிலும் பீரங்கி வைத்தாலும் நடுவில் குண்டு எட்டாத ஓர் இடைவெளி இருந்தது. அங்கே ஒரு மணல்திட்டு. அதன்மேல் கோட்டை கட்டலாம் என்ற யோசனை 17ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. ‘நிலாவைப் பல்லால் கடித்து இழுப்பது இதைவிடச் சுலபம்’ என்று கோட்டைப் பொறியாளர் வோபான் மன்னரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பின்னால் நடந்தது அப்படித்தான். நெப்போலியன் காலத்தில் கப்பல் கப்பலாகக் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டிய கல் தன் பாரத்திலேயே மணலுக்குள் இறங்கிக்கொண்டே போனது. 1809இல் வேலை நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டிஷார் தீக்கப்பல்களை (தீ வைத்து எதிரிக் கப்பல்களின் மேல் செலுத்தும் கப்பல்கள்) விட்டு, அங்கே நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதறடித்தார்கள்.

1837இல் மறுபடி தொடங்கி 1857இல் ஒருவழியாக முடித்தார்கள். அதற்குள் பீரங்கிகள் வளர்ந்துவிட்டன. இரண்டு தீவுகளிலிருந்து சுட்டாலே நடுக்கடல் முழுவதும் எட்டியது. கோட்டை எந்த இடைவெளியை அடைக்க எழுந்ததோ, அந்த இடைவெளியே இல்லை! 1871இல் பாரிஸில் எழுந்த கம்யூன் கிளர்ச்சியின் கைதிகளைச் சில காலம் அடைத்து வைத்தார்கள். 1913இல் ராணுவம் விட்டுவிட்டது.

ஜெஃபர்சன் கோட்டை அளவில் இதை விழுங்கிவிடும். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து மேற்கே ஏறக்குறைய 110 கிலோமீட்டர் தள்ளி, டிரை டார்ட்டூகாஸ் என்ற தீவுக்கூட்டத்தில் அறுகோண வடிவில் நிற்கிறது. 1846இல் தொடங்கினார்கள். அடிமைகளின் உழைப்பும் சேர்ந்து, 1 கோடியே 60 லட்சம் செங்கல் போயும் கட்டி முடிக்கவே இல்லை.

இதன் சோகம் தண்ணீரில் இருக்கிறது. பெயரிலேயே ‘டிரை’ என்று சொல்லிவிட்டார்கள், தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. மழைநீரை மேலே பிடித்து, சுவருக்குள் மணல் வழியாக வடிகட்டி, அடியில் உள்ள தொட்டிகளில் சேர்க்க ஏற்பாடு. படிக்கும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் செங்கல் பாரத்தில் கட்டடம் அமிழ, தொட்டிகள் விரிசல்விட்டு உப்புநீர் உள்ளே புகுந்தது. இதற்கிடையே 1862இல் ஜார்ஜியாவின் புலாஸ்கி கோட்டைச் சுவரை, உட்புறம் புரிவரி வெட்டிய புதுவகைப் பீரங்கிகள் ஓட்டை போட்டன. செங்கல் கோட்டைகளின் காலம் அன்றே முடிந்தது. ஜெஃபர்சனும் சிறையானது. லிங்கன் கொலை வழக்கில் தண்டனை பெற்ற டாக்டர் சாமுவேல் மட் இங்கேதான் இருந்தார். 1867இல் மஞ்சள் காய்ச்சல் பரவி ராணுவ மருத்துவரும் இறந்துபோக, கைதி மட் வைத்தியம் பார்த்தார். 1869இல் மன்னிப்பு கிடைத்தது. 1874இல் படையும் கிளம்பிவிட்டது.

மான்செல் கோட்டைகளுக்கு இந்த ஆடம்பரமே கிடையாது. இரண்டாம் உலகப்போரில், ஜெர்மன் தாக்குதலைத் தடுக்க 1942, 43இல் பொறியாளர் கை மான்செல் வடிவமைப்பில், தேம்ஸ் முகத்துவாரத்திலும் அதை ஒட்டிய கடலிலும் நிறுத்தினார்கள். கடற்படைக்கானவை இரண்டு கான்கிரீட் உருளைமேல் ஒரு மேடை. கரையிலேயே கட்டி, ஆட்களோடு இழுத்துப்போய், அடித்தளத்தில் நீரை நிரப்பி அமிழ்த்தினார்கள். தரைப்படைக்கானவை கால் முளைத்த ஏழு இரும்புப் பெட்டிகள், நடுவே நடைபாலங்கள். அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தரைப்படைக் கோட்டைகள் மட்டுமே 22 விமானங்களையும் ஜெர்மனி ஏவிய ஆளில்லாத பறக்கும் குண்டுகள் 30 அளவிலும் வீழ்த்தியதாகக் கணக்கு. மற்ற இரண்டும் ஐம்பது வருஷம், கோடிச் செங்கல் என்று விழுங்கிவிட்டு இதில் ஒரு பங்கும் செய்யவில்லை. என் ஓட்டு மான்செலுக்குத்தான்.

அவசரத்துக்குக் கட்டியதற்கு ஆயுசு மட்டும் குறைவு. 1953இல் கப்பல் மோதி, இவற்றில் ஒன்றான நோர் கோட்டையில் நான்கு பேர் இறந்தார்கள். 1950களின் கடைசியில் ராணுவம் விலகியதும் சிலவற்றில் உரிமம் இல்லாத வானொலிக்காரர்கள் குடியேறினார்கள். ரஃப் சாண்ட்ஸ் என்ற கடற்படை மேடையை 1967இல் பேட்ஸ் என்பவர் ‘சீலாண்ட்’ என்ற தனி நாடாகவே அறிவித்துவிட்டார். டங் சாண்ட்ஸ் என்ற இன்னொரு கோட்டை 1996இல் கடலில் சரிந்தது. எஞ்சியவை துருப்பிடித்து நிற்கின்றன.

போய்ப் பார்க்கலாமா என்றால், மான்செலைப் படகிலிருந்து பார்ப்பதோடு சரி. போயாரும் அப்படித்தான்; 1990 முதல் அது ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் களம், பொதுமக்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. உள்ளே நடந்து பார்க்க முடிவது ஜெஃபர்சனில்தான், இன்று அது தேசியப் பூங்கா. கூடாரம் போட்டு இரவு தங்கவும் இடம் உண்டு. குடிக்கிற தண்ணீரை மட்டும் இன்றைக்கும் நாமேதான் கரையிலிருந்து சுமந்துகொண்டு போகவேண்டும்.