ஆட்டோமேஷன் படித்து ஆறு வருடம்: வேலையில் எது கைகொடுத்தது

மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, கோவையில் நான்கு மாதம் பிஎல்சி (மெஷினை ஓட்டும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்), ஸ்காடா (மெஷின்களைத் திரையில் கண்காணிக்கும் மென்பொருள்) பயிற்சியும் எடுத்துவிட்டு, ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் மெயின்டனன்ஸில் சேர்ந்தேன். இந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: போடும். எதை அழுத்திப் படித்தீர்கள் என்பதுதான் கணக்கு.

பயிற்சி மையத்தில் லேடர் லாஜிக் (பிஎல்சிக்கு ஏணிப் படம் போல எழுதும் புரோகிராம்) நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். டிராஃபிக் சிக்னல், லிஃப்ட், பாட்டில் நிரப்புவது என எல்லாமே கம்ப்யூட்டர் திரையில். ஒரு வயரைச் சீவி டெர்மினலில் முறுக்கியதில்லை. அந்தக் குறை மூன்றாவது வாரமே தெரிந்தது.

நைட் ஷிஃப்டில் பிரஸ் நின்றுவிட்டது. பார்ட் வந்து உட்கார்ந்தால் சென்சாரில் லைட் எரிகிறது, பிஎல்சி இன்புட்டில் எரியவில்லை. லேப்டாப்பை விரித்து ஒரு மணி நேரம் புரோகிராமைத் தேடினேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து, மீட்டரின் ஒரு முனையை 0 வோல்ட்டில் வைத்து, மறு முனையால் சென்சாரின் கறுப்பு வயரைத் தொட்டார். 24 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. "தம்பி, இது என்பிஎன். நம்ம பிஎல்சி இன்புட் கார்டுக்கு பிஎன்பி வேணும். பகல்ல யாரோ மாத்திப் போட்டுட்டாங்க." பார்ட் வந்தால் கறுப்பு வயரில் 24 வோல்ட் தருவது பிஎன்பி சென்சார், அதை 0 வோல்ட்டோடு சேர்ப்பது என்பிஎன். சென்சாரை மாற்றியதும் பத்து நிமிடத்தில் மெஷின் ஓடியது.

அழுத்தம் அளக்கும் சென்சார் தன் அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லியாம்பியரும் அப்படித்தான். ஏன் 0-வில் தொடங்கவில்லை என்பதைத் தேர்வுக்காகப் படித்தேன். அழுத்தமே இல்லாவிட்டாலும் 4 வரும், வயர் அறுந்தால் 0. இந்த ஒரு வரியை வைத்து எத்தனை பழுதைக் கண்டுபிடித்திருக்கிறேன்! சீமென்ஸ் பிஎல்சியில் அது 0 முதல் 27648 வரை எண்ணாக வரும். அதை பாராக (அழுத்தத்தின் அலகு) மாற்றுவது இன்றும் என் அன்றாட வேலை.

இரண்டு வருடமாக மெஷின் டேட்டாவை ஓபிசி யூஏ (மெஷின்களிலிருந்து டேட்டா எடுக்கும் பொது முறை) வழியாக எடுத்து ஓஇஇ (மெஷின் எவ்வளவு முழுமையாகப் பயன்படுகிறது என்ற சதவீதம்) காட்டுகிறோம். ஓடிய நேரம், வேகம், தரம் மூன்றையும் பெருக்குவதுதான் ஓஇஇ. மூன்றும் 90 சதவீதம் என்றாலும் பெருக்கினால் 73தான் வரும். மெஷின் நின்றதை டேட்டா சொல்லும். ஏன் நின்றது என்பது ஆபரேட்டர் அக்காவுக்குத்தான் தெரியும். அவரிடம் உட்கார்ந்து கேட்டு, காரணத்துக்கு ஆறு பட்டன் திரையில் வைத்த பிறகே அந்த எண்ணுக்கு அர்த்தம் வந்தது. டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்கியூஎல் மொழியை மட்டும் பிறகு நானாகக் கற்றுக்கொண்டேன்.

மென்பொருளுக்காகக் காசு கொட்டாதீர்கள். பிஎல்சி புரோகிராம் எழுதும் கோடிசிஸ் இலவசம், கம்ப்யூட்டரில் ஓடும் அதன் பிஎல்சி லைசென்ஸ் இல்லாமல் 2 மணி நேரத்தில் நிற்கும், மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். சீமென்ஸ் பிஎல்சிக்கு எழுதும் டிஐஏ போர்ட்டலுக்கு 21 நாள் ட்ரயல் உண்டு. ஃபீஸ் கட்டும் முன் மையத்துக்கு நேரில் போய், ஒரு பேனலுக்கு எத்தனை மாணவர்கள், வயரிங்கை அவர்களே கழற்றி மாட்டுகிறார்களா என்று கேளுங்கள்.