கிரேட் ஓர்மா, கான்வி மலையா?

வட வேல்ஸ் கடற்கரையில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, எதில் ஏறுவது என்று கேட்டால் என் ஓட்டு கான்வி மலைக்கு. லாண்டிட்னோ ஊரை ஒட்டிக் கடலுக்குள் நீளும் குன்றான கிரேட் ஓர்ம் 207 மீட்டர், கான்வி ஊருக்கு மேலே இருக்கும் கான்வி மலை 244. உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கூட்டத்தில்தான் இருக்கிறது. ஓர்ம் உச்சிக்கு 1903 முதல் டிராம் ஓடுகிறது, காரும் போகும், அதனால் மூச்சு வாங்க ஏறிப் போனால் கார் நிறுத்துமிடம்தான் வரவேற்கும்.

ஆனால் பழமை என்று பார்த்தால் ஓர்மை மிஞ்ச முடியாது. ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் வெண்கலக் கால மக்கள் கல்லையும் எலும்பையும் வைத்தே குடைந்த செப்புச் சுரங்கம், உள்ளே இறங்கியே பார்க்கலாம், சில குடைவுகளில் சிறு பிள்ளைகள்தான் நுழைந்திருக்க முடியும். அப்புறம் காஷ்மீர் ஆடுகள்! 2020 ஊரடங்கில் லாண்டிட்னோ தெருக்களில் உலாவியவை இவைதான்.

கான்வி மலையில் இரும்புக் கால மலைக்கோட்டையின் சரிந்த கல் மதிலும் வட்டக் குடிசைகளின் அடித்தளமும், அவ்வளவுதான். டிக்கெட் கிடையாது. ஊரின் 13ஆம் நூற்றாண்டு மதிலை ஒட்டியே நடக்கத் தொடங்கலாம், மேலே நின்றால் ஆற்று முகத்துவாரம், ஆங்கிள்சி தீவு, எதிரே ஓர்ம் முழுசாகத் தெரியும். ஓர்மில் நின்றால் ஓர்ம் தெரியாதே!

மழை பிடித்துக்கொண்டால் மட்டும், சரி, சுரங்கத்துக்கே போங்கள். குளிர்காலத்தில் அதுவும் மூடியிருக்கும்.