பச்சை அம்புக்குறி: சிறுநீரகக் கண்காணிப்புச் செயலியுடன் இரண்டு ஆண்டுகள்

தமக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதை அண்மையில் அறிந்த நண்பர் ஒருவர், நான் இரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசியில் வைத்திருக்கும் கண்காணிப்புச் செயலியைத் தாமும் நிறுவிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்த எனக்கு அந்தப் பச்சை அம்புக்குறி நினைவுக்கு வந்துவிட்டதால், பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

சென்ற ஆண்டு, என் 58ஆம் வயதில், கிரியேட்டினின் (சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) 1.7 ஆக இருந்தது; அதைக் கொண்டு சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 43 என்று கணக்கிட்ட செயலி, என்னை நோயின் 3பி நிலையில் வைத்திருந்தது. இடையில் செயலிக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையின் முடிவைப் பதிந்தபோது திரையில் 46 என்ற எண்ணும், மேல்நோக்கிய பச்சை அம்புக்குறியும், அதைவிடக் கடுமை குறைந்த 3ஏ நிலைக்கு முன்னேறியதற்கு ஒரு வாழ்த்தும் தோன்றின. இரு நிலைகளையும் பிரிக்கும் 45 என்ற எல்லையைத் தாண்டிவிட்ட மகிழ்ச்சியில் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மருத்துவரோ இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "கிரியேட்டினின் அதே 1.7தானே, சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாறியது என் சிறுநீரகம் அன்று, கிரியேட்டினினிலிருந்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம். 2009ஆம் ஆண்டின் சூத்திரத்தை விட்டு, நோயாளியின் இனத்தைப் பொறுத்து விடையை மாற்றும் இனக் காரணியை நீக்கி 2021இல் வெளியான சூத்திரத்துக்குச் செயலி மாறியிருந்தது. அந்த மாற்றத்தில் தவறில்லை. ஆய்வகங்களும் அதற்கு மாறி வருகின்றன. ஆனால் பழைய புள்ளிகளைப் புதிய சூத்திரத்தில் மீண்டும் கணக்கிடாமல், இரண்டு அளவுகோல்களில் அளந்தவற்றை ஒரே கோட்டால் இணைத்து, அதற்கு முன்னேற்றம் என்று பெயரும் சூட்டியதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான் எழுதிய மூன்று புகார்களுக்கும் நன்றி தெரிவித்து ஒரே தானியங்கிப் பதில் வந்தது.

நியாயமாகச் சொல்வதென்றால், இரத்த அழுத்தப் பகுதிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, கருவியிலிருந்து எண்ணை நேரே கைப்பேசிக்கு அது எடுத்துக்கொள்கிறது. நோட்டில் எழுதிய காலத்தில், பிடித்த எண் வரும்வரை அளந்து, இருப்பதிலேயே குறைந்ததைக் குறித்துக்கொள்வது என் வழக்கம் (இதை மருத்துவரிடம் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை). செயலி அதற்கு இடம் தரவில்லை. மருத்துவமனையில் 128 காட்டிய அழுத்தம் வீட்டில் காலை வேளைகளில் 148ஐத் தொட்டுக்கொண்டிருந்தது தெரியவந்ததும் மருந்தை மாற்றினார்கள். புதிய மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறக்கூடும் என்றும், 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் மருந்தைத் தொடரலாம் என்றும் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஏறியபோது செயலி சிவப்பில் அலறியது. அவர் சொல்லியிராவிட்டால் நானே மாத்திரையை நிறுத்தியிருப்பேன்.

மூன்றே நாளில் எடை இரண்டரை கிலோ கூடியதை எச்சரித்ததும் இதே செயலிதான். கணுக்கால் வீக்கத்தை நான் கவனிக்கும் முன்பே, உடலில் நீர் தங்குவது பற்றி மருத்துவமனையுடன் பேசியிருந்தேன். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பட்டையைக் கேமராவில் படிக்கும் வசதியும் உண்டு. வெளிச்சம் கொஞ்சம் பிசகினாலும் மீண்டும் எடுக்கச் சொல்லும் என்பதால், அதை ஆய்வகத்திடமே விட்டுவிட்டேன்.

நண்பருக்கு 'வேண்டாம், இரத்த அழுத்தக் கருவி மட்டும் வாங்குங்கள்' என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய கையோடு என் சந்தாவை இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்தும் விட்டேன். கிரியேட்டினின் எண்ணை மட்டும், அறிக்கையில் உள்ளபடியே தேதியுடன், பழைய நோட்டில் எழுதி வருகிறேன்.