டுடோரியலில் பேச வைக்கும் கோச்சிங்: 8,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்குக் கோச்சிங் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இப்போது அதற்கு அடுத்ததாக டுடோரியல் பார்ட்டிசிபேஷனுக்கு, அதாவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் சின்னக் கலந்துரையாடல் வகுப்பில் பேசி மார்க் வாங்குவதற்கு என்றே தனி வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். அட்மிஷன் லெட்டர் வந்து விசாவுக்குக் காத்திருக்கிற ஆட்களைக் குறிவைத்து நாலு வாரம், 8,500 ரூபாய். ஆஸ்திரேலியா கிளம்புவதற்கு முன்னால் நானும் சேர்ந்தேன். கடைசி நாளில் ரிசப்ஷனில் கூகுள் ரிவ்யூ போடச் சொல்லி க்யூ.ஆர். கோடை நீட்டினார்கள். அங்கே போய் ஒரு டுடோரியலில்கூட உட்காராமல் என்னவென்று எழுதுவது? இப்போது ஒரு செமஸ்டர் முடிந்து மார்க்கும் வந்து, லீவுக்கு ஊரில் இருக்கிறேன், எழுதலாம்.

சென்டர் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அதோடு கிட்டத்தட்ட இதே பாடத்தைத்தான் மற்ற இடங்களிலும் நடத்துகிறார்கள் என்று கூடப் படித்த பையன்கள் சொன்னார்கள். அதனால் நீங்கள் சேரப்போகிற இடத்துக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

ஊரில் படித்தவர்களுக்கு இந்த மார்க் எதற்கு என்று புரியவே கொஞ்ச நேரம் ஆகும். நம்மூர்க் காலேஜ்களில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்பது பழகிப்போன கணக்கு. அந்த இன்டர்னலும் டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் என்று போய்விடும். செமினார் என்றால் ஒருத்தர் முன்னால் போய் பி.பி.டி.யைப் பார்த்து வாசிப்பார், மற்றவர்கள் கடைசியில் கை தட்டுவார்கள், அவ்வளவுதான். மூன்று வருடம் வகுப்பில் வாயைத் திறக்காமலே ரேங்க் வாங்கினவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா பக்கம் கதை வேறு. பெரிய ஹாலில் லெக்சர் ஒன்று, அப்புறம் இருபது பேர் சுமாருக்கு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுகிற டுடோரியல் ஒன்று, அதில் பேசுவதற்கு 10 சதவீதம், சில பாடங்களில் 20 சதவீதம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பல பாடங்களில் பாதி மார்க் வகுப்பில் பேசுவதற்குத்தான். இங்கிலாந்தில் பெரும்பாலும் கட்டுரையையும் பரீட்சையையும் வைத்தே மார்க் போட்டுவிடுவார்கள், பேச்சுக்கென்று மார்க் ஒதுக்குவது குறைவு. லண்டன், மான்செஸ்டர் போகிறவர்கள் இந்த வகுப்புக்கு ஓட வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. சென்டரில் இதைச் சொல்ல மாட்டார்கள், என் பேட்சிலேயே லண்டன் போகிற மூன்று பேர் பணம் கட்டியிருந்தார்கள்.

இனி வகுப்பு. பை-பாஸ் ரோட்டுப் பக்கம், செருப்புக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஏசி ஓடும், ஆனால் ஏசியை விட கீழே போகிற ஷேர் ஆட்டோவின் ஹாரன் சத்தம் ஜாஸ்தி. வண்டி நிறுத்த இடம் கிடையாது, கடைக்காரர் திட்டுவார்.

முதல் இரண்டு வாரம் ஒரு சார் எடுத்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் எடுத்தது பேச்சுப் பயிற்சியே இல்லை, வாக்கியப் பயிற்சி. ஜெராக்ஸ் போட்டு ஜெராக்ஸ் போட்டு எழுத்து மங்கிப்போன ஒரு ஷீட், அதில் "தட்ஸ் எ வெரி குட் பாயிண்ட்", "ஐ வுட் லைக் டு பில்ட் ஆன் தட்" என்று நாற்பது ஐம்பது வாக்கியங்கள். மனப்பாடம் செய்து வரச் சொன்னார். ஒருத்தர் பேச வேண்டும், அடுத்தவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். எட்டுப் பேர் வரிசையாக எட்டுத் தடவை "தட்ஸ் எ வெரி குட் பாயிண்ட்" சொன்னோம், அது என்ன பாயிண்ட் என்று யாருக்கும் தெரியாது. பேசினால் ஒரு டிக், பேசாவிட்டால் இல்லை. ஏழு டிக் வாங்கின பையனைக் கூப்பிட்டு எல்லோரையும் கை தட்டச் சொன்னார். இதே பையன் மாதிரி ஒருத்தன் என் டுடோரியலிலும் இருந்தான், நாலாவது வாரத்திலேயே டியூட்டர், இதுவரை பேசாத யாராவது சொல்லுங்கள் என்று அவன் தூக்கிய கையைத் தாண்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எத்தனை தடவை பேசினாய் என்பதற்கு என் பாடத்தில் டியூட்டர் மார்க் போடுகிற ஷீட்டில் இடமே இல்லை. வாசித்துவிட்டு வந்தாயா, அடுத்தவர் சொன்னதைக் கேட்டு அதன் மேல் எதையாவது சேர்த்தாயா, பேச்சை நகர்த்தினாயா, இவைதான் இருந்தன. சும்மா வந்து உட்கார்ந்ததற்கு மட்டும் மார்க் கிடையாது என்று அங்கே பல பல்கலைக்கழகங்களில் விதியே வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு வாரத்துக்கு என் மதிப்பு 5-க்கு 1. அந்த ஒன்றும் சார் வாங்கிக்கொடுத்த டீக்கு.

மூன்றாவது வாரத்திலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு மேடம் வந்து மாக் டுடோரியல், அதாவது ஒத்திகை டுடோரியல் நடத்தினார்கள். அவர்களே வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் முடித்து, அங்கேயே டியூட்டராகவும் இருந்துவிட்டு வந்தவர்கள். வந்ததும் வாக்கிய ஷீட்டை எல்லோரையும் பைக்குள் வைக்கச் சொன்னார்கள். நாற்காலிகளை லாட வடிவத்தில் திருப்பிப் போடச் சொன்னார்கள். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, ஐ.இ.எல்.டி.எஸ். ஸ்பீக்கிங்கில் 7 வாங்கினவர்கள் யார் யார் என்பது. முக்கால்வாசிப் பேர் கை தூக்கினோம். "அங்க இது உதவாதுப்பா" என்றார்கள்.

ஏன் என்று அவர்கள் விளக்கினதுதான் இந்த 8,500 ரூபாயில் எனக்குத் தேறியது. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் எதிரே ஒரே ஒரு எக்ஸாமினர், 11 முதல் 14 நிமிடம், கேள்வி அவருடையது, பதில் உன்னுடையது, உன் முறை எப்போது என்ற குழப்பமே இல்லை. இரண்டாவது பகுதியில் யோசிக்க ஒரு நிமிடம் கொடுத்து, அப்புறம் இரண்டு நிமிடம் வரை யாரும் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். பட்டிமன்றமும் அப்படித்தான் என்றார்கள். இந்த ஊரில் சாலமன் பாப்பையா நடுவராக இருந்த மேடைகளைப் பார்த்து வளராதவர்கள் குறைவு. அங்கே நடுவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், எழுந்து வந்து மைக்கைப் பிடித்தால் மணி அடிக்கிறவரை உங்கள் நேரம். டுடோரியலில் யாரும் கூப்பிட மாட்டார்கள். முறையை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் முன்னால் பேசுகிறவர் முடிக்கப் போகிறார் என்கிற அந்த அரை நொடியில். நமக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை, ஒருத்தர் மூச்சு விடுகிற இடத்தில் உள்ளே நுழைய வராது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று இருபது வருடம் சொல்லி வளர்த்துவிட்டு, திடீரென்று நுழை என்றால் எப்படி நுழைவது?

சரி, அதற்கு என்ன வழி என்றால், மேடம் போர்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். டுடோரியல் 50 நிமிடம். டியூட்டர் பேசுவது 20. மிச்சம் 30 நிமிடத்தை இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்றரை நிமிடம். உன்னிடம் அவர்கள் எதிர்பார்ப்பது அந்த ஒன்றரை நிமிடத்தைத்தான், மேடைப் பேச்சு இல்லை. முதல் பத்து நிமிடத்துக்குள் அதில் பாதியைச் செலவழித்துவிடு, நேரம் போகப் போக நீ சொல்ல நினைத்ததை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அப்புறம் உன்னிடம் மிச்சம் இருப்பது "ஐ அக்ரீ" மட்டும்தான்.

இன்னொன்று, டியூட்டர் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிற அமைதி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் பள்ளி வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்களாம். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் பதில்களும் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பயிற்சி எடுத்த டியூட்டர்கள் பலருக்கு இது தெரியும், அதனால் வேண்டுமென்றே நிற்பார்கள். அந்த அமைதி உன்னைப் போன்றவர்களுக்காக விட்டது, அதைப் பார்த்துத் தலையைக் குனியாதே என்றார்கள். மேடமும் கேள்வி கேட்டுவிட்டு அப்படியே நின்றார்கள், நாங்கள் எட்டுப் பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு யாரும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று கொடுத்திருந்தார்கள், 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் வந்த பிளாஸ்டிக் தடையைப் பற்றி. சின்ன வியாபாரிகள் மேல் சுமை அதிகமா இல்லையா என்பது கேள்வி. ஏழு டிக் பையன் உடனே ஆரம்பித்து சுற்றுச்சூழல், விழிப்புணர்வு, எதிர்காலத் தலைமுறை என்று மூன்று நிமிடம் ஓட்டினான், கட்டுரையை வாசிக்காதவனும் சொல்லக்கூடியது. அவன் மூச்சு வாங்கின இடத்தில் ஒரு பொண்ணு நுழைந்தது. அவங்க அப்பாவுக்கு மாட்டுத்தாவணியில் பூக்கடை. உடைந்த இங்கிலீஷில்தான் சொன்னது. இலையில் கட்டிக் கொடுத்தால் உள்ளூர்க்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள், பஸ்ஸில் சென்னை வரைக்கும் மல்லி கொண்டு போகிறவர் கவர் கேட்பார், இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அடுத்த கடைக்காரர் ரகசியமாகக் கொடுப்பார், அதனால் தடையை மதிக்கிற கடைக்குத்தான் நஷ்டம் என்று. அதோடு நிறுத்தாமல், கட்டுரையில் இரண்டாவது பக்கத்தில் எல்லாக் கடைக்கும் ஒரே சுமை என்று எழுதியிருக்கிறார்கள், அது சரியில்லை என்றும் சொன்னது. வினைச்சொல் காலம் எல்லாம் முன்னே பின்னே. மேடம் ஷீட்டில் எழுதியதைப் பிறகு காட்டினார்கள், அதற்குத்தான் அன்றைக்கு அதிக மார்க். ஏழு டிக் பையனுக்கு முகம் சுருங்கிப்போனது.

அதைப் பார்த்த பிறகுதான் வாசிப்பதை வேறு மாதிரி ஆரம்பித்தேன். கட்டுரையில் நம்மால் ஒத்துக்கொள்ள முடியாத ஒரு வரி, புரியாத ஒரு வரி, இரண்டையும் பக்க எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது. புரியாததைக் கேட்டாலும் அது பங்கேற்புதான், பாதி வகுப்புக்கு அது புரிந்திருக்காது. ஆஸ்திரேலியாவிலும் இதைத்தான் செய்தேன், மார்க் 10-க்கு 8 வந்தது.

டியூட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் பழக்கினார்கள். மாக் நடக்கும்போது மேடத்தைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், மேடம் என்றால் பதில் வராது. ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. கடைசியில் பெயரைச் சொல்லிவிட்டு, கூடவே "மேடம்" என்றும் ஒட்டிக்கொண்டோம். அங்கே போனதும் தானாக வந்துவிட்டது, இதற்கு ஒரு வகுப்பு வேண்டியதில்லை.

சொல்லிக்கொடுக்காத விஷயங்கள் இருக்கின்றன. பல பாடங்களில் ஆன்லைன் டிஸ்கஷன் போர்டில் எழுதுவதும் பங்கேற்புக் கணக்கில் வரும், பேசத் தயங்குகிறவர்களுக்கு அது பெரிய வசதி, எதற்கு எவ்வளவு மார்க் என்று சொல்கிற கோர்ஸ் அவுட்லைனில் எழுதியிருப்பார்கள். அதை வாசிக்கவே சென்டரில் யாரும் சொல்லவில்லை. திக்குவாய், கடுமையான பதற்றம், காது கேட்பதில் சிக்கல் என்று இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவில் முன்கூட்டியே பதிந்துகொண்டால் மதிப்பிடும் முறையையே மாற்றித்தர வழி இருக்கிறது. என் பேட்சில் திக்கிப் பேசுகிற தம்பி ஒருவன் இருந்தான், அவனிடம் இதைச் சொல்வதற்குப் பதிலாக முதல் இரண்டு வாரமும் சத்தமாக, வேகமாகப் பேசு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இதுதான் ரொம்பக் கோபம். நோட்டீஸில் "ஃபுல் மார்க் கேரண்டி" என்று போட்டிருப்பதும் அநியாயம், அங்கே மார்க் போடுகிற டியூட்டருக்கு இந்த மாடி இருப்பதே தெரியாது.

சேரலாமா என்றால், மாக் டுடோரியலுக்காகச் சேரலாம், அதற்கு 5-க்கு 4. காசு இல்லையென்றால் ஐந்தாறு பேர் சேர்ந்து நீங்களே நடத்திக்கொள்ளலாம். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-லிருந்து இருக்கிறது, அங்கே ஒரு கட்டுரையை உட்கார்ந்து வாசித்துவிட்டு வெளியே வந்து டீக்கடையில் வாதம் செய்யலாம். உள்ளே சத்தம் போடக் கூடாது. கூட்டத்தில் ஒருத்தர் பேசாமல் மார்க் போடுகிறவராக இருக்க வேண்டும், அந்த வேலையை எல்லோரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள், மார்க் போட உட்கார்ந்தால்தான் எது காலிப் பேச்சு என்று காதுக்குத் தெரியும்.

போன வாரம் சித்தி பையனுக்காக மறுபடி விசாரித்தேன். சனிக்கிழமை வகுப்பு மட்டும் தனியாகத் தர மாட்டோம் என்றுதான் முதலில் சொன்னார்கள், கொஞ்சம் பேசினதும் 4,000 ரூபாய்க்கு இறங்கினார்கள். அந்த மேடம் இன்னும் வருகிறார்களா என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், திருப்பித் தர மாட்டார்கள்.