தண்ணீர்மலைப் பூங்காவில் தமிழில் இயற்கை நடை: பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

கண்டிப்பாகப் போகலாம். தண்ணீர்மலைப் பூங்கா என்று நாம் சொல்லும் பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வழிகாட்டிக்குத் தலைக்கு 15 வெள்ளி (ரிங்கிட்). என் அண்ணன் மகள் அறிவியல் புதிர்ப்போட்டிக்காகப் உயிர்களை வகைப்படுத்தும் பேரினம், சிற்றினம், குடும்பம், வரிசை என்ற பெயர்களை மனனம் செய்து வைத்திருந்தாள். எதற்கு இந்தப் பெயர்கள் என்று அவளுக்குப் புரிந்தது இந்த நடையில்தான்.

வழிகாட்டி இளம்பெண். பிள்ளைகள் எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். புத்தக வரிசைப்படி மேலிருந்து தொடங்காமல், அங்கிருந்த இரண்டு குரங்குகளைக் காட்டி ஆரம்பித்தார். தரையில் உட்கார்ந்து நம் கைப்பையையே பார்ப்பது கெரா என்னும் நீளவால் குரங்கு. உயரத்தில் இலை மென்றுகொண்டிருப்பது, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங். குடும்பம் வரை இரண்டும் ஒன்று, செர்கோபிதெசிடே. அதற்குக் கீழே பிரிந்துவிடுகின்றன, பேரினமும் வேறு: கெரா மக்காக்கா, லோத்தோங் டிராக்கிபிதிக்கஸ். கெராவுக்குக் கன்னத்தில் பை உண்டு, கிடைத்ததை அதில் அடக்கிக்கொள்ளும். லோத்தோங்குக்கு அது கிடையாது. பல அறை கொண்ட இரைப்பையில் இலையை நொதிக்க வைத்துச் செரிக்கும். ரொட்டி போட்டால் அந்த வயிறு கெட்டுப்போகும். வகைப்பாட்டிலிருந்து நேராக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாரே, அது நல்ல ஆசிரியரின் வேலை.

கெரா அருகிய இனம், அதாவது அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அவர் சொன்னதும் எங்கள் வீட்டுப் பெண் விடவில்லை. "அக்கா, இங்க இவ்ளோ குரங்கு இருக்கே, அப்புறம் எப்படி?" பெரியவர்களுக்கும் அதே சந்தேகம்தான். அக்கா பொறுமையாகச் சொன்னார். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1964-இல் தொடங்கிய செம்பட்டியல், இன்று எத்தனை இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்றும் பார்க்கிறது. 10 ஆண்டு அல்லது 3 தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தில் 30 விழுக்காடு குறைந்தால் அழிவாய்ப்பு இனம், 50 என்றால் அருகிய இனம், 80 என்றால் மிக அருகிய இனம். கெராவை 2022-இல் அருகிய இனமாக மாற்றினார்கள். எண்ணிக்கையே மிகச் சிறியதாகிவிட்டாலும் பட்டியலில் மேலே போகும். மலாயாப் புலி அப்படித்தான். காட்டில் 150-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. கெராவைத் தொல்லை என்று கல்லெறிந்து விரட்டும் நம் ஊரில் இதை எல்லாரும் கேட்க வேண்டும்.

நாகலிங்க மரத்தடியில் ஒரு பாட்டி கைகூப்பி நின்றார். அவர் கும்பிட்டு முடிக்கும் வரை அக்கா காத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. பிறகுதான் அதன் தாயகம் தென் அமெரிக்கா என்றார். வெளியிலிருந்து வந்த இனம் எல்லாம் ஆக்கிரமிப்பு இனம் ஆகிவிடாது, தானே பரவி உள்ளூர் உயிர்களை நெருக்குவதற்குத்தான் அந்தப் பெயர் என்றும் விளக்கினார்.

குறைகளும் உண்டு. கூட்டம் அதிகம், பின்னால் நின்றவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. கையில் கொடுத்த தாளில் அழிவு நிலைகள் வெறும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாக இருந்தன. தமிழில் நடத்தும் நடைக்கு இது சரியில்லை. உயிர்க்கோளக் காப்பகம் பற்றிய பகுதியைக் கடைசியில் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். கொடிமலைக்கு (பினாங்கு மலை) யுனெஸ்கோ அந்தத் தகுதியை 2021-இல் தந்தது. இந்தப் பூங்காவும் அதற்குள்தான் வருகிறது. நடுவில் கடுமையாகக் காக்கப்படும் மையப் பகுதி, அதைச் சுற்றி இடைப் பகுதி, அப்புறம் மக்கள் குடியிருந்து தொழில் செய்யும் மாறுநிலைப் பகுதி. தேசியப் பூங்காவிலிருந்து இது வேறுபடுவதே மக்களையும் சேர்த்துக்கொள்வதால்தான். அதற்குக் கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது சிறிய குழுவாகக் கேளுங்கள். காலை நடையே நல்லது. சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு வராதீர்கள். ஏழு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நடை கொஞ்சம் நீளம். மற்றவர்களைத் தயங்காமல் அழைத்துப் போங்கள்.