55 பவுண்டுக்கு ஒரு போலி டிராகுலா: பழைய ரத்தக்காட்டேரிப் படம் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

விற்றவனைக் காட்டிக்கொடுத்தது கிறிஸ்டோபர் லீயின் குரல்தான்.

1958-இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் எடுத்த 'டிராகுலா'வில் டிராகுலாவாக நடித்த அவருக்கு வசனம் மிகக் குறைவு. கோட்டைப் படிக்கட்டின் உச்சியில் நிழலாக நிற்பார், விறுவிறுவென்று இறங்கி வருவார், வந்தவரை மரியாதையாக வரவேற்பார். அடிவயிற்றிலிருந்து எழும் குரல். போன மாதம் நான் வாங்கிய ப்ளூரேயில் அதே குரல் லேசாக மெலிந்து, ரயிலுக்கு நேரமாகிவிட்ட ஆள் பேசுகிற மாதிரி கேட்டது. ஜேம்ஸ் பெர்னார்டின் இசையும் அப்படித்தான், வழக்கமான சுருதியைவிட ஒரு பொட்டு மேலே.

ரிமோட்டில் நேரம் காட்டும் பொத்தானை அழுத்தினேன். மொத்தம் 78 நிமிடம், சில்லறை விநாடிகள். படம் 82 நிமிடம். அப்போதே வயிற்றைக் கலக்கியது.

காரணம் எளிது. சினிமா விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு 25. அந்தக் கால ஐரோப்பிய டிவிடிகளில் படத்தை அப்படியே 25-க்கு ஓட்டிவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும், குரலும் ஏறும், 82 நிமிடம் 78-க்குச் சுருங்கும். ஒழுங்கான ப்ளூரேயில் 24 சட்டமாகவே பதிவதால் இந்தச் சுருக்கம் இராது. ஆக, 'புதுப்பிக்கப்பட்ட அசல் ப்ளூரே' என்று என் தலையில் கட்டியது, ஏதோ ஒரு பழைய டிவிடியை ஊதிப் பெரிதாக்கி, வெற்று டிஸ்க்கில் எழுதிய தட்டு.

நான் எதற்காக அந்தத் தட்டைத் தேடினேன் என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ஆசையைத்தான் அவன் காசாக்கினான். படம் வந்தபோது பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் சில இடங்களில் கத்தரி போட்டார்கள். ஜப்பானுக்குப் போன பிரதியில் அந்த இடங்கள் தப்பிவிட்டன. அந்தப் பிரதி டோக்கியோ திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்தது. 1984-இல் அங்கே தீப்பிடித்து முதல் ஐந்து சுருள்கள் போய்விட்டன. ஆறு முதல் ஒன்பது வரையான சுருள்கள் அடிபட்டு மிஞ்சின. 2011-இல் அவற்றைக் கண்டுபிடித்து, மீனா என்ற பாத்திரத்தின் படுக்கையறைக் காட்சியிலும், கடைசியில் சூரிய ஒளி பட்டு டிராகுலா தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் காட்சியிலும் விடுபட்ட துண்டுகளை எடுத்துச் சேர்த்தார்கள். 2013 மார்ச்சில் அது பிரிட்டனில் ப்ளூரேயும் டிவிடியும் சேர்ந்த தொகுப்பாக வந்தது. மீட்ட ஜப்பானியச் சுருள்களும் தனியாக அதில் உண்டு. நிறம் நீலம் பாய்ந்து கிடக்கிறது என்று அப்போது பெரிய சண்டை. அமெரிக்காவில் 2018-இல் வந்த ப்ளூரேயின் நிறத்தைப் பலர் மெச்சுகிறார்கள், ஆனால் அதில் இந்த ஜப்பானியத் துண்டுகள் கிடையாது. ஆக அந்தச் சில விநாடிகளுக்காக நான் தேடியது 2013 தொகுப்பை. வெளியானபோது வாங்காமல் விட்டது என் தப்பு.

ஏலத் தளம் ஒன்றில் தொகுப்பின் படத்தைப் போட்டிருந்தான். பூப்போட்ட கம்பளத்தின் மேல் வைத்து எடுத்த போட்டோ, அட்டையின் வலது மூலையில் சின்ன மடிப்பு. 60 பவுண்டு. விசாரித்தேன். நல்லவிதமாகத்தான் பதில் எழுதினான்: "நானும் ஹாமர் பைத்தியம்தான், வீட்டில் இடம் இல்லை, அதனால் கொடுக்கிறேன்." அப்புறம் அடுத்த வரி: "தளத்துக்கு வெளியே, நண்பருக்கு அனுப்புவதுபோல் பணம் அனுப்பினால் 55-க்குத் தருகிறேன், தரகு மிச்சம் ஆகும்." அந்த ஐந்து பவுண்டில்தான் விழுந்தேன். காபி குடிக்கிற காசு.

உறை வந்ததும் பிரித்தேன். அட்டைப் படம் மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. கட்டைவிரலை நாவில் தொட்டு ஓரத்தில் தேய்த்தேன், சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுப் பிரிண்டர் மை. பின்பக்கத்தில் பொடி எழுத்தெல்லாம் நசுங்கி, எறும்பு ஊர்ந்த மாதிரி. டிஸ்க்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். ஆலையில் அச்சடித்த தட்டின் அடிப்பக்கம் பளபளவென்று வெள்ளியாக இருக்கும். இது பழுப்பு கலந்த கருஞ்சாம்பல். நடுவிலிருந்து பாதி தூரம் வரை ஒரு சாயல், அதற்கு அப்பால் வேறு சாயல், இடையில் வட்டமாக ஒரு கோடு. எழுதிய இடம் முடிந்து வெற்றிடம் தொடங்கும் கோடு அது. எழுதும் டிவிடி என்றால் அடிப்பக்கம் ஊதாவாகத் தெரியும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கடைசிவரை ஓடவிட்டேன். டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக வரும் பீட்டர் குஷிங் மேசைமேல் ஓடித் தாவித் திரையைக் கிழிக்கிறார், மெழுகுவர்த்தித் தண்டு இரண்டைச் சிலுவையாகப் பிடிக்கிறார். இதோ வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் உதிர்ந்தது, கை உதிர்ந்தது, சாம்பல் பறந்தது. முகத்தைப் பிய்க்கும் துண்டு வரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "இதுக்கா அம்பத்தஞ்சு பவுண்டு குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். டிராகுலா எவ்வளவோ மேல்.

அவனுக்கு எழுதினேன். முதல் பதில்: "உங்கள் பிளேயரில் கோளாறு இருக்கலாம்." டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டாவது பதில்: "நான் வாங்கியதும் இப்படித்தான், நானும் ஏமாந்தவன்." மூன்றாவது பதில் இன்றுவரை இல்லை. ஏலத் தளத்தைக் கேட்டேன், வியாபாரம் வெளியே நடந்ததால் கைவிரித்துவிட்டார்கள். பணம் அனுப்பிய செயலியிலும் அதே கதை, நண்பருக்கு அனுப்பிய பணத்துக்குப் பொருள் பாதுகாப்பு கிடையாது. பிரிட்டனில் கிரெடிட் கார்டில் விற்பவருக்கே நேரடியாகக் கட்டி, பொருளும் 100 பவுண்டுக்கு மேல் இருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவைக் காட்டி வங்கியைக் கேட்கலாம். என்னுடைய 55-க்கு அந்தக் கதவும் இல்லை.

இது எனக்கு முதல் சூடு அல்ல என்பதுதான் வெட்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படச் சந்தையில் 1922-இன் 'நோஸ்ஃபெராட்டு' வாங்கினேன், 8 பவுண்டு. மேஜைக்காரர் 'முழுப் படம், அசல் கருப்பு வெள்ளை' என்றார். அந்த 'அசல் கருப்பு வெள்ளை'யிலேயே உஷாராகியிருக்க வேண்டும். இயக்குநர் முர்னாவின் அந்தப் படத்தில் இரவுக் காட்சிகளையும் பகலில்தான் எடுத்தார்கள். திரையில் இரவென்று தெரிய நீலச்சாயம் ஏற்றினார்கள். சாயம் இல்லாத பிரதியில் ரத்தக்காட்டேரி ஓர்லோக் பட்டப்பகலில் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் ஹாயாக நடந்து போகிறான். கடைசியில் சூரிய ஒளி பட்டுச் சாகிறான். இத்தனை நேரம் எங்கே அடித்துக்கொண்டிருந்ததாம் அந்த வெயில்? அது போதாதென்று, என் தட்டு ஓடியது 63 நிமிடம். முர்னாவ் அறக்கட்டளையின் மீட்டெடுப்பு 94 நிமிடம். ஆனால் இதைத் திருட்டுத் தட்டு என்று சொல்லிவிடவும் முடியாது. படம் அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத பொதுச்சொத்து, அங்கே யார் வேண்டுமானாலும் தட்டு போடலாம். 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி, அனுமதி இல்லாமல் அந்தக் கதையை எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு, 1925-இல் நீதிமன்றம் பிரதிகளை அழிக்கச் சொன்ன படம் அது. தப்பிய பிரதிகள் ஊர் ஊராகச் சிதறியதால் வெட்டுப்பட்டது, பெயர் மாற்றியது என்று பல வடிவங்கள் சுற்றுகின்றன. மலிவுத் தட்டுகள் பெரும்பாலும் அந்த வண்டலிலிருந்துதான் வருகின்றன.

சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு வேறு விதமான அடி. அவன் வாங்கியது அசல் அமெரிக்க ப்ளூரே, ஆனால் அந்த மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டியது. அமெரிக்கா ஏ மண்டலம், பிரிட்டன் பி, இந்தியா சி. விற்றவர் 'எல்லாப் பிளேயரிலும் ஓடும்' என்று எழுதியிருந்தார். ஓடவில்லை. டிவிடியிலும் இந்தியா 5, பிரிட்டன் 2, அமெரிக்கா 1. பின் அட்டையில் மண்டலக் குறி தெரியும்படி போட்டோ கேளுங்கள்.

அதோடு டிஸ்க்கின் அடிப்பக்கத்தையும், நடு ஓட்டையைச் சுற்றிப் பொறித்த எண்ணையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அசல் வைத்திருப்பவருக்கு அது அரை நிமிட வேலை. சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். ஒரு விஷயம், எழுதிய தட்டெல்லாம் போலி என்று யார்மேலும் பாய வேண்டாம். வார்னர் நிறுவனமே தன் ஆவணத் தொகுப்பின் முதல் டிவிடிகளைக் கேட்கக் கேட்க எழுதித்தான் விற்றது. அங்கே அட்டையிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள். தெரியாத ஆள் தளத்துக்கு வெளியே காசு கேட்டால் மட்டும், தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும் வேண்டாம்.

போன வாரம் சும்மா தேடிப் பார்த்தேன். வேறு பெயரில் ஒரு விற்பனையாளர். அதே பூப்போட்ட கம்பளம், அட்டையின் வலது மூலையில் அதே மடிப்பு. இப்போது விலை 80. தளத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. விலைக்குக் கீழே 'ஒன்றே ஒன்றுதான் மிச்சம்' என்று போட்டிருக்கிறது.