பேயஸ்மிக்: இடப்பெயர்வுக் கணிப்புக்கு ஒரு இலவச மென்பொருள், ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஒரு நாட்டுக்கு அடுத்த பத்து வருடத்தில் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் போவார்கள் என்று கணித்துச் சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்கு இது. பள்ளி இடங்கள், வீடுகள், மருத்துவமனைப் படுக்கைகள் எல்லாமே அந்த எண்ணை நம்பித்தான் திட்டமிடப்படுகின்றன. நான் ஆறு மாதமாக பேயஸ்மிக் (bayesMig) என்ற தொகுப்பை, அதாவது ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஓடும் மென்பொருளை, ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசோஸ், செவ்சிகோவா, ராஃப்டரி மூவரும் எழுதியது, ஆர் தொகுப்புகளுக்கான கிரான் (CRAN) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது தெரியாமல் எடுத்தால் தப்பாகப் போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது எளிமையானது. ஒவ்வொரு நாட்டுக்கும் நிகர இடப்பெயர்வு வீதம், அதாவது வந்தவர்களில் இருந்து போனவர்களைக் கழித்து மக்கள்தொகையால் வகுத்த எண், நீண்ட காலத்தில் ஒரு சராசரியைச் சுற்றி ஆடுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. இன்றைக்கு அந்தச் சராசரியை விட்டு எவ்வளவு விலகி இருக்கிறதோ, அதில் ஒரு பங்கு அடுத்த காலகட்டத்துக்கும் தொடரும், மீதி கரையும், அதற்கு மேல் ஒரு தற்செயலான ஆட்டம் சேரும். அவ்வளவுதான். அழகு எங்கே என்றால், எல்லா நாடுகளையும் ஒன்றாக வைத்துக் கணக்கிடுவதால் தரவு குறைவாக உள்ள நாடு மற்ற நாடுகளின் அனுபவத்தில் இருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறது. எழுபது வருடத் தரவை ஐந்தைந்து வருடமாக வெட்டினால் ஒரு நாட்டுக்குப் பதினான்கு புள்ளிதான் மிஞ்சும், அதை மட்டும் வைத்து எந்த நாட்டையும் தனியாகக் கணிக்க முடியாது.

ஓட்டுவது பற்றிச் சுருக்கமாக: ஆர் ஓரளவு தெரிந்தால் போதும். மூன்று சங்கிலி (தரவுக்குப் பொருந்தும் எண்களைப் படிப்படியாகத் தேடும் தனித்தனி ஓட்டங்கள்), ஒவ்வொன்றுக்கும் 50,000 சுற்று கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். ஐநாவின் மக்கள்தொகைத் தரவை அதுவே எடுத்துக்கொள்ளும், நம் சொந்தத் தரவைக் கோப்பாகவும் கொடுக்கலாம், ஐந்து வருடத்துக்குப் பதிலாக ஆண்டுவாரியாகவும் ஓட்டலாம். உதவிப் பக்கங்கள் வறண்டவை, ஆனால் தப்பில்லை. கணிப்பாக வந்த பாதைகளை, அதாவது நடக்கக்கூடிய பல எதிர்காலங்களை, அப்படியே பேயஸ்பாப் என்ற சகோதரத் தொகுப்புக்குக் கொடுத்தால் பிறப்பு, இறப்போடு சேர்த்து முழு மக்கள்தொகைக் கணிப்பு கிடைக்கும்.

சரி, எனக்கு ஏன் பிடித்தது? வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். இடது பக்கம் நடந்து முடிந்த வருடங்கள் ஒரே கோடாக வருகின்றன, இன்றைய புள்ளியைத் தாண்டியதும் அந்தக் கோடு விசிறி போல விரிகிறது. நடுவில் ஒரு தடித்த கோடு, அதற்கு இரு புறமும் 80 சதவீதப் பட்டை (நடக்கப்போவது இதற்குள் விழ 80 சதவீத வாய்ப்பு), அதற்கும் வெளியே 95 சதவீதப் பட்டை. பல நாடுகளுக்குப் பட்டையின் மேல் விளிம்பு பூஜ்யத்துக்கு மேலேயும் கீழ் விளிம்பு பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். மக்கள் வந்து சேரும் நாடா, விட்டுப் போகும் நாடா என்பதே நிச்சயமில்லை என்று அந்தப் படம் நேராகச் சொல்கிறது. முதல் தடவை பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது, இவ்வளவு அகலமாக இருந்தால் யாருக்கு என்ன பயன் என்று. இப்போது அந்த அகலத்துக்காகத்தான் இதை வைத்திருக்கிறேன்.

போதுமான அகலம் இல்லாமல் எண் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2004 ஒன்றே போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆண்டு புதிதாகச் சேரவிருந்த நாடுகளில் இருந்து பிரிட்டனுக்கு ஆண்டுக்கு நிகரமாக 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்று அரசு கேட்டு வாங்கிய ஓர் ஆய்வு 2003இல் சொன்னது. அதை எழுதியவர்களே தரவு பலவீனமானது என்று எச்சரித்திருந்தார்கள். ஆனால் வெளியே சுற்றியது எண் மட்டும்தான். கடைசியில் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்று மட்டும் உடனே வேலைச் சந்தையைத் திறந்தன, ஜெர்மனி 2011 வரை கதவைச் சாத்தி வைத்தது, வந்தவர்கள் எண்ணிக்கை கணிப்பைவிடப் பல மடங்கு போனது. பள்ளிகளும் வாடகை வீடுகளும் தயாராக இல்லாத ஊர்களில் அந்தச் சுமை மக்கள் மீது விழுந்தது, பழி வந்தவர்கள் மீது விழுந்தது. அது எனக்கு இன்றும் வலிக்கும் விஷயம்.

இப்போது குறைகள். முதலாவது, இது நிகர எண்ணை மட்டும்தான் தருகிறது. ஒரு லட்சம் பேர் வந்து ஒரு லட்சம் பேர் போனாலும் பூஜ்யம், யாருமே அசையாமல் இருந்தாலும் பூஜ்யம். மொழி வகுப்பு நடத்துபவருக்கு இரண்டும் ஒன்றா?

இரண்டாவது, கொள்கை என்ற ஒன்று இதற்குள் இல்லவே இல்லை. விசா விதியை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் இதனிடம் பதில் கிடையாது. பழைய ஆட்டத்தைப் பார்த்து எதிர்கால ஆட்டத்தைச் சொல்கிறது, காரணம் எதுவும் அதற்குத் தெரியாது. அதே போல, திடீர் அதிர்ச்சிகளுக்கும் இது உதவாது. 2015 மே மாதம் ஜெர்மனி அந்த ஆண்டுக்கு 4.5 லட்சம் தஞ்சக் கோரிக்கைகளை எதிர்பார்த்தது, ஆகஸ்டில் அதை 8 லட்சமாக உயர்த்தியது, பிறகு சரிபார்த்து எண்ணியபோது வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 8.9 லட்சம். மூன்று மாதத்தில் இப்படி மாறும் விஷயத்துக்கு எல்லையில் இருந்து வாராவாரம் வரும் எண்களும் களத்தில் இருப்பவர்களின் எச்சரிக்கையும்தான் தேவை.

மூன்றாவது குறைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நாம் கொடுக்கும் பழைய எண்ணை அது அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் இடப்பெயர்வில் நடந்து முடிந்ததே சரியாகத் தெரியாது. 2023 ஜூன் வரையிலான ஓராண்டுக்குப் பிரிட்டனின் நிகர இடப்பெயர்வு முதலில் 6.72 லட்சம், பிறகு 7.4 லட்சம், 2024 நவம்பரில் 9.06 லட்சம் என்று அவர்களுடைய புள்ளியியல் அலுவலகமே திருத்திக்கொண்டே வந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, 12 மாதம் தங்குபவரைத்தான் நீண்டகாலக் குடிபெயர்ந்தவராக எண்ண வேண்டும் என்பது ஐநா வரையறை, ஒருவர் தங்கினாரா என்பது வருடம் போன பிறகுதானே தெரியும். திருத்தி வெளியிடுவதுதான் நேர்மை. ஆனால் அந்தச் சந்தேகம் பேயஸ்மிக்கின் பட்டைக்குள் போகவில்லை, ஆகவே உண்மையான பட்டை நீங்கள் பார்ப்பதைவிட இன்னும் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு அனுபவம். ஓர் அலுவலகத்துக்கு இதை ஓட்டிக் கொடுத்தேன். பட்டையோடு கொடுத்த படம் இறுதி அறிக்கையில் வந்தபோது பட்டை இல்லை, நடுக்கோடு மட்டும் இருந்தது. கேட்டால், மேலே இருப்பவர்கள் ஒரே எண்தான் கேட்பார்கள் என்றார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தால் என் மேலும் தப்பு இருந்தது. பட்டையைக் கொடுத்தேனே தவிர, அதை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று சொல்லித் தரவில்லை.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். எண்ணைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: ஒரு குழந்தைக்குப் பள்ளியில் இடம் இல்லாமல் போவது மோசமா, ஒரு இடம் காலியாகக் கிடப்பது மோசமா, எத்தனை மடங்கு மோசம்? இடம் இல்லாமல் போவது நான்கு மடங்கு மோசம் என்று அவர்கள் சொன்னால், நடுக்கோட்டை விட்டுவிட்டு, ஐந்தில் நான்கு பாதைகள் எந்த எண்ணுக்குக் கீழே விழுகின்றனவோ அந்த எண்ணுக்குக் கட்டச் சொல்லலாம். இரண்டும் சமம் என்றால் நடுக்கோடே போதும். ஒரே எண் கேட்டவர்களுக்கு ஒரே எண் கிடைத்துவிடுகிறது, அது பட்டையில் இருந்து வந்த எண்ணாகவும் இருக்கிறது. பாதைகளை முழுசாகக் கோப்பில் எழுதித் தருவதால் பேயஸ்மிக்கில் இது பத்து நிமிட வேலை.

வாங்கலாமா என்று கேட்க வேண்டியதில்லை, இலவசம்தான். ஐந்து முதல் பத்து வருடம் வரையிலான திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பட்டை விரிந்து எதையும் முடிவு செய்ய உதவாது. எடுத்ததும் முதல் வேலையாகக் கடைசிப் பத்து வருடத் தரவை மறைத்துவிட்டு, அதற்கு முந்தையதை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள், உண்மையில் நடந்தது 80 சதவீதப் பட்டைக்குள் எத்தனை நாடுகளுக்கு விழுகிறது என்று எண்ணுங்கள். ஐந்தில் ஒரு நாடு வெளியே விழ வேண்டும். எல்லாமே உள்ளே விழுந்தால் பட்டை தேவைக்கு மேல் அகலம், பாதி வெளியே போனால் உங்கள் தரவை முதலில் பாருங்கள்.